நான் பிடுங்கிய ஐந்து முளைக்குச்சிகள்

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து பாகாலா போகும் வழியில் இருக்கிறது. சத்தியவேடு பக்கம் ஃபேக்டரிகளுக்காக நிலம் எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஊரில் பாதி ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலையில், என் வீட்டுக்காரரும்தான். எங்கள் ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலைக்கு நான் மட்டும் காவல்.

நிலத்தை ஒட்டி ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷன். மீட்டர் கேஜ் காலத்தில் மாம்பழக் கூடைகள் அங்கேதான் ரயிலேறும். அகலப் பாதை போட்டபோது தண்டவாளத்தைத் தள்ளிப் போட்டு, ஸ்டேஷனைக் கைகழுவிவிட்டார்கள். ஓடு, கம்பம், கதவு என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுபோனார்கள். என் ஆட்டுக்கொட்டகைக் கதவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு நாள் காலையில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர் அங்கே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நிலம் எடுக்க வந்த ஆள் என்றே நினைத்தேன். சத்தியவேட்டில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆனது. முதலில் டேப், பிறகு முளைக்குச்சி, பிறகு நோட்டீஸ். ஒரே வருஷத்தில் நிலம் போய்விட்டது.

"யாருய்யா நீ? இன்னாத்துக்கு அளந்துகினு கீற?" என்றேன்.

"சும்மா பாத்துகினு போலாம்னு வந்தேம்மா" என்று மழுப்பினார்.

சும்மா வருகிறவருக்கு டேப் எதற்கு? குடிக்கத் தண்ணீர் கேட்டார். இடுப்பில் நிறைகுடத்தை வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்னேன்.

மறுநாளும் வந்தார். சாயங்காலத்துக்குள் என் வரப்பு ஓரமாக ஐந்து முளைக்குச்சிகளை அடித்துவிட்டார். அவர் தலை மறைந்ததும் ஐந்தையும் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். ஒரு கம்பெனியையே விரட்டிவிட்ட திமிர் எனக்கு.

மூன்றாம் நாள் வந்து பார்த்தவர் சண்டைக்கு வரவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதார். அளக்க வந்தவன் அழுவானா? கிட்டே போய்க் கேட்டேன்.

"எங்க நைனா இந்த ஸ்டேஷன்ல கேங்மேன். நான் பொறந்த அன்னிக்கே அம்மா செத்துப் போச்சி. இங்கியே பொதச்சாங்க. கெணத்துலேர்ந்து இத்தினி அடி, லாம்பு கம்பத்துலேர்ந்து இத்தினி அடின்னு நைனா சாவும்போது சொன்னாரு. அவ மண்ணு ஒரு பிடி எம்மேல போடுடான்னாரு. நாளைக்கு அவுரு காரியம். கம்பம் எங்க இருந்திச்சின்னு தெரில. குத்துமதிப்பா அஞ்சி எடத்துல அடிச்சி வெச்சேன்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"பொணம் கீதுன்னா தோண்ட வுடுவீங்களாம்மா?"

நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவரும் எங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

கம்பத்தை அறுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சிய அடிக்கட்டை எனக்குத் தெரியும். தினமும் என் ஆட்டை அதில்தான் கட்டுவேன். ஆட்டை அவிழ்த்துவிட்டு, டேப்பின் ஒரு முனையை நானே பிடித்தேன். அளவு என் வரப்பைத் தாண்டி, கடலைச் செடிகளுக்குள் போய் நின்றது.

எனக்கு முகம் செத்துவிட்டது. ரயில் நின்றுபோனதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முழம் வரப்பை அந்தப் பக்கம் நகர்த்தியது நாங்கள்தான். அவருடைய அம்மா மேல் கடலை விதைத்துத் தின்றிருக்கிறோம்.

செடிகளை நானே பிடுங்கினேன். அவர் ஒரு பிடி மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு, "தேங்க்ஸ்மா" என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது.

அடுத்த வாரமே வரப்பைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் இன்றைக்கும் முனகுகிறார். டேப்போடு யாராவது வந்தால் எனக்கும் இன்னும் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான், யார் என்று கேட்கிறேன்.