அவள் மாமனின் ஓடை

என் காரில், வெயில் கண்ணில் படாமல் இருக்க மடக்கி இறக்கும் மறைப்பில், ஒரு தூண்டில் கொக்கி குத்தியிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். தண்டைச் சுற்றி அரக்கு நிற எம்பிராய்டரி நூல். அதன்மேல் இடைவெளி விட்டுச் சுற்றிய மெல்லிய ஜரிகை. கழுத்தில் சேவல் இறகின் நுனி. ஓடும் தண்ணீரில் இட்டால் பூச்சி என்று மீன் நம்பிவிடும். “அத எடுத்துப் போடுங்க, ஒரு நாளைக்குக் கண்ணக் குத்தப் போகுது” என்று வண்டியில் ஏறும்போதெல்லாம் என் மனைவி சொல்கிறாள். குத்தினாலும் மாட்டிக்கொள்ளாது. கொக்கி நுனியில் இருக்க வேண்டிய எதிர்முள்ளைக் குறடால் நசுக்கியிருக்கிறது. சிறிய மீன் அகப்பட்டால் காயமில்லாமல் விடுவிக்க அப்படிச் செய்வார்கள். நூல் திருப்பூர் மண்ணரையில் இருக்கும் என் பனியன் யூனிட்டினுடையது. கட்டிய விரல்கள் என் மகளுடையவை. ஆனால் அவள் அதை எனக்காகக் கட்டவில்லை. அவள் மாமனுக்காகக் கட்டினாள்.

மாமன் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பெறுவது அப்பன். ஆனால் முக்கியமான நாளில் எல்லாம் மடி தாய்மாமனுடையது. மகளுக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார வைத்தார்கள். ஊசி இறங்கியதும் அவள் வீறிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். என்னிடம் வரவில்லை. எல்லாக் குழந்தையும் அப்படித்தான், யார் மடியோ அவர் சட்டையைத்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நீட்டிய கையை நான் இன்னும் முழுதாக மடக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அவர் நீலகிரியில் அரசு மீன் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தார். குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழும் ட்ரவுட் மீனை வளர்ப்பதும், அதன் குஞ்சுகளை மலை ஓடையில் விடுவதும், அந்த ஓடையைக் காப்பதும் வேலை. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மீன். தண்ணீர் கொஞ்சம் சூடேறினாலே மூச்சுத் திணறும். இதை வைத்து அவர் என்னைச் சீண்டாத விசேஷம் கிடையாது. “ஏனுங் மாப்ள, என்ற மீன உங்கூருத் தண்ணில உட்டா அப்படியே கொழம்பாயிருமுங்க. அடுப்பே வேண்டாம்” என்பார். பந்தியே சிரிக்கும். என் மகள் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பாள்.

அவர் பெரிய ஞானி ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டே இருப்பார். சீட்டாட்டத்தில் கள்ளம் செய்வார். ஈரக் கம்பளி வாடை அடிக்கும் ஒரே ஸ்வெட்டரைத் திருப்பூர் வெயிலிலும் போட்டுக்கொண்டு வருவார். மகள் பெரியவளானபோது, தாய்மாமன் சீரில் பட்டு, பழம், பலகாரத் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே ட்ரவுட். சைவப் பந்தி நடக்கும் மண்டபத்தில் மீன்! என் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டியை மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒளித்து வைத்தோம். நான் எடுத்துக் கொடுத்த நெக்லஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் அந்தப் பெட்டியைத் திறந்து குனிந்து நின்றது கண்ணிலேயே இருக்கிறது. மீனின் பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “இங்க பாருங்கப்பா, யாரோ கலர் போட்ட மாதிரி” என்றாள். நான் மேடைக்கு வா என்றேன்.

கல்லூரிக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் யூனிட்டுக்கு வரத் தொடங்கினாள். வந்ததும் நூல் அலமாரிக்குப் போவாள். கோன்களை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். நூலை நனைத்து நிறம் எவ்வளவு இருளுகிறது என்று பார்ப்பாள். “இதுல ஒரு கோன் எடுத்துக்கட்டுங்களாப்பா?” என்பாள். எடுத்துக்கொள் கண்ணு, எல்லாமே உனக்குத்தானே என்பேன். நிறத்தில் இவளுக்கு இருக்கும் கண் எனக்கே கிடையாது என்று பக்கத்து நிட்டிங் யூனிட்காரரிடம் பெருமை பேசினேன். மாடியில் அவளுக்கென்று கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறைகூடக் கட்டத் தொடங்கினேன்.

அந்தக் கோடையில் மலைக்குப் போனபோது மச்சான் தன் தூண்டில் பெட்டியைத் திறந்து காட்டினார். வரிசையாகப் பூச்சிகள். என் அரக்கு, என் பாசிப் பச்சை, என் ஜரிகை. அவருக்குக் கண் மங்கி, விரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. பூச்சி கட்ட முடியவில்லை. என் மகள் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “உங்க நூலுக்குத்தானுங் மாப்ள அது வாயத் தொறக்குது. இதுக்குத் திருப்பூரான்னே பேரு வெச்சிருக்கறன்” என்று அரக்கு நிறப் பூச்சி ஒன்றை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். மாடியறைக்கு அப்போதுதான் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள்.

அன்று அவர்களோடு ஓடைக்குப் போனேன். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இருப்பதே தெரியாத அளவு தெளிவு. மச்சான் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கல்லைப் புரட்டி அடியில் என்ன புழு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். புழு இருந்தால் ஓடை நலமாக இருக்கிறது. மேலே காய்கறித் தோட்டத்தில் மருந்தடித்த பிறகு மழை பெய்தால் முதலில் சாவது அதுதான். மீன் முட்டையிடும் மாதங்களில் சரளைப் பரப்பின் பக்கம் யாரையும் விடமாட்டார். ஒரு மேலதிகாரியின் உறவினர் தூண்டிலோடு வந்தபோது, “இது பிரசவ வார்டுங்க, ஆம்பளைங்க வெளிய நில்லுங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். இதை மகள்தான் எனக்குச் சொன்னாள், கண் பளபளக்க. உதவியில்லாமல் ஊருக்கு வந்து ஒற்றை மிஷினில் தொடங்கிய கதையை நானும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது அந்தக் கண் அப்படிப் பளபளத்ததாக நினைவில்லை. காலை ஓடையில் வைத்தேன். எலும்புவரை சில்லிட்டது. அந்தத் தண்ணீர்மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவள் கல்லூரியை முடித்து, மேலே மீன்வளம் படித்துவிட்டு, அந்தப் பண்ணையிலேயே ஓர் ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தாள். மாடியறையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கினோம். நான் தினமும் போன் செய்வேன். சாப்பிட்டயா, காட்டெருமை வருதா, எப்ப வர்ற? இந்த மூன்றையும் தாண்டி எனக்குக் கேட்கத் தெரியாது. அவளும் மூன்றுக்கும் பதில் சொல்லி வைத்துவிடுவாள். அவள் விடுமுறைக்கு வந்திருக்கும்போது மச்சான் கூப்பிடுவார். ஸ்பீக்கரில் அவர் குரல் வரும். ஹலோ கிடையாது. “தண்ணி எப்படி இருக்குது கண்ணு?” என்பார். மலையில் இருப்பவர் அவர். வீட்டில் இருப்பவள் இவள். கிளம்பும்போது அவள் பார்த்த தண்ணீரைக் கேட்கிறார். பிறகு பேச்சு நீண்டுகொண்டே போகும். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

போன மார்கழிக்கு முன்னால் மலையில் விடாத மழை. ஒரு ஞாயிறு காலை மகள் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடும் நேரம் அது இல்லை. “அப்பா, மாமா வாய்க்கால் பக்கம் வழுக்கி விழுந்துட்டாருங்க. இடுப்பு எலும்பு போயிருச்சு. ஆம்புலன்ஸ்ல கோயமுத்தூருக்கு அனுப்பிட்டேன்.” அவரைப் பண்ணை வாட்சர்களோடு சேர்ந்து மேலே இழுத்து ஏற்றியவள் அவள். மண் சரிந்துகொண்டிருந்த கரையில் அவளும் நின்றிருக்கிறாள். அது புரிந்ததும் கார் சாவியைத் தேடினேன். இன்றும் அவளிடமிருந்து திடீரென்று போன் வந்தால் கை சாவிக்குத்தான் போகிறது.

“உடனே கெளம்பி வா” என்று கத்தினேன்.

“வர முடியாதுங்கப்பா. தட்டுல முட்டை இருக்குது.”

பண்ணைக்கு ஓடையிலிருந்துதான் குழாய் வழியே தண்ணீர் வரும். கரை சரிந்து தண்ணீர் செம்மண் கரைசலாகிவிட்டது. அந்த மண் முட்டைமேல் படிந்தால் மூச்சடைத்துச் செத்துவிடும். இந்தப் பருவத்து முட்டையை அசைக்கவும் கூடாது; வேறெங்கும் எடுத்துப் போக முடியாது. சரளைக்கல் வடிகட்டி அடைத்துக்கொண்டது. ஓடையில் அடுத்த வருடம் விடவேண்டிய மீன் முழுதும் அந்தத் தட்டுகளில் இருந்தது. “அப்பா, தண்ணிய வடிகட்ட ட்யூப் துணி வேணுங்க. கிரே துணி. சாயம் படக்கூடாது, சாஃப்ட்னர் படக்கூடாது. உடனே கொண்டாறீங்களா?”

மனைவியைக் கோவை மருத்துவமனையில் இறக்கிவிட்டு மலையேறினேன். துணியைக் கொடுப்பதுபோல் கொடுத்து மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவதுதான் என் திட்டம். பின்சீட்டில் இரண்டு ரோல். ஒன்று அவள் கேட்ட கிரே துணி: நிட்டிங் மிஷினிலிருந்து குழாய் மாதிரி இறங்கியபடியே, சாயம் ஏறாமல், பழுப்பாக, ஊசி எண்ணெய் வாடையோடு. அதை மட்டும் கொண்டு போக மனம் வரவில்லை. சரக்கு என்று யாருக்காவது கொடுத்தால் மட்டமானதைக் கொடுக்கத் திருப்பூர்க்காரனுக்குக் கை வராது. அதனால் ஏற்றுமதிக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியிலும் ஒரு ரோல், வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக.

அவள் மழைக்கோட்டோடு ஓடி வந்தாள். நான் வெள்ளையைத்தான் முதலில் நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள். “அய்யோ அப்பா, இதப் போட்டா நுரை கட்டிரும். எல்லாம் போயிருமுங்க.” அதை வண்டியிலேயே திருப்பி எறிந்தாள். கிரே துணியைப் பார்த்தாள். முகம் வாடியது. “எண்ணெயா இருக்குதே.”

அங்கேதான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. எண்ணெய் எடுப்பது எங்கள் ஊருக்குத் தெரிந்த விஷயம். குவார்ட்டர்ஸில் இருந்த அண்டா, குண்டான் எல்லாவற்றிலும் மழைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சலவைச் சோடா போட்டுத் துணியை வேக வைத்தேன். அலசி, மறுபடி வேக வைத்து, மறுபடி அலசினோம். ஒரு மூலையைப் பிழிந்து அடுப்பருகே காய வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது. முதலில் நின்றது. மறுபடி வேக வைத்தோம். கடைசியில் விட்ட சொட்டு, துணியைத் தொட்டதும் காணாமல் போனது. அவள் என்னைப் பார்த்தாள். “சூப்பருப்பா!” என்றாள். இத்தனை வருடத்தில் என் தொழிலைப் பார்த்து அவள் சொன்ன ஒரே சூப்பர்.

வெட்டாத ட்யூப் துணி என்பதால் தைக்க வேண்டியதில்லை. ஒரு முனையைக் குழாய் வாயில் மாட்டிக் கட்டினோம்; மறு முனையை முடிச்சிட்டோம். துணி காலுறை மாதிரி உப்பிக்கொண்டு, மண்ணை உள்ளே பிடித்துத் தண்ணீரை வெளியே விட்டது. கனத்ததும் கழற்றி அடுத்ததை மாட்டவேண்டும். அவள் மாட்டினாள், நான் அலசினேன். கையெல்லாம் மரத்துவிட்டது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் திட்டத்தை நான் மறந்தே போயிருந்தேன். அவள் பக்கத்தில் நான் இருந்தேன், அவர் இல்லை. அவர் இடுப்பு முறிந்து கிடக்கும்போது நான் மகிழ்ச்சியாக இருந்தேன். சொல்வதற்கு நன்றாக இல்லை, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

இருட்டிய பிறகு என் போன் அடித்தது. மனைவி போனிலிருந்து மச்சான். ஸ்பீக்கரில் போட்டேன். மயக்க மருந்தில் குழறிய குரல். “தண்ணி எப்படி இருக்குது கண்ணு?”

நான் வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தக் குரலைக் கேட்டதும் உடைந்து அழுதாள். தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “தெளிஞ்சிருச்சுங்க மாமா… அப்பா இருக்காருங்க… அப்பாதான்…”

“அப்பறமென்ன, திருப்பூரானே வந்தாச்சு” என்றார் அவர். சிரிக்க முயன்று இருமினார்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் இன்னொரு கையில் பிழியாத துணி சொட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் அவள் வேலையைக் கொடுத்தாள், அழுகையை அவருக்கு வைத்திருந்தாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரலில் சளி கட்டி, அடுத்த மாதமே அவர் போய்விட்டார். முட்டைகளில் பாதிக்குமேல் பிழைத்தன. குஞ்சுகளை ஓடையில் விடும் நாளில் நானும் மனைவியும் போயிருந்தோம். வாளியை மெல்லச் சாய்த்தபோது, மகள் ஏதோ சொல்ல வாயெடுத்துப் பக்கத்தில் திரும்பினாள். அவர் எப்போதும் நிற்கும் பக்கம். நான் மறுபக்கம் நின்றிருந்தேன். கிளம்பும்போது அவர் பெட்டியிலிருந்து இந்த அரக்குப் பூச்சியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். “மாமாவுக்கு ரொம்பப் புடிச்சதுங்கப்பா” என்றாள். உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்கவில்லை.

இறந்தவரோடு போட்டி போட முடியாது. அவருக்கு இனி வயதாகாது, கோபம் வராது, சீட்டில் கள்ளம் செய்ததுகூட இப்போது நல்ல கதையாகிவிட்டது. “மாமா இருந்திருந்தா” என்று அவள் தொடங்கும்போதெல்லாம் எனக்குள் பழைய கை நீண்டு நிற்கிறது.

போன வாரம் வெள்ளகோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்வெயில். மறைப்பை இறக்கினேன், ஜரிகை மின்னியது. அப்போது போன். மகள். வண்டியை ஓரம் கட்டினேன். மேலே மழை பிடித்திருக்கிறது போல. பின்னால் இரைச்சல் கேட்டது. எடுத்ததும் அவசரமாக, “மாமா…” என்றாள். உடனே நிறுத்திக்கொண்டாள். அப்பா என்று திருத்திக்கொள்வாள் என்று நான் காத்திருந்தேன்; நான் திருத்துவேன் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ.

சாப்பிட்டயா என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

“தண்ணி எப்படி இருக்குது கண்ணு?” என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். வெகுநேரம் சொன்னாள். கல்யாணத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் கொக்கியைப் பார்த்துக்கொண்டு, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.