துருவமும் தென்சிலுவையும் ஒரே வானத்தில்: பூண்டுலோயாவில் ஒரு மார்கழி விடியல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நட்சத்திரப் பைத்தியம் கிடையாது. அது என் கணவர் ரவிக்கு. கல்யாணமான புதிதில் முற்றத்தில் நிற்க வைத்து வியாழனைக் காட்டினார். நான் நுளம்பு அடித்துக்கொண்டு நின்றேன். வருஷக் கணக்காக இதே கதைதான். போன வருஷம் கண் டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் நிலைமை மாறியது. ரவியின் விழித்திரை மெல்ல மெல்லத் தேய்கிறதாம். பகல் பார்வை இன்னும் பல காலம் தாங்கும், இருட்டில் பார்க்கும் பார்வைதான் முதலில் போகும் என்றார். வீடு வந்து சேர்ந்தோம். சாப்பிட உட்கார்ந்தபோது ரவி, "கலா, துருவத்தையும் தென்சிலுவையையும் ஒரே நேரத்துல பாக்கணும். இன்னும் பாக்கல. இப்ப விட்டா முடியாது," என்றார்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நம் தீவு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏழு பாகை அளவில்தான் நிற்கும். கையை நீட்டிப் பிடித்தால் நாலு விரல் உயரம். மலைநாட்டில் எந்தச் சின்னக் குன்றும் அதை மறைத்துவிடும். நாலு நட்சத்திரம் கொண்ட தென்சிலுவை ஜனவரியில் விடிவதற்கு முன்னால் தெற்கே எழும்பி நிற்கும். ஆக வடக்கே திறந்த பள்ளம் வேண்டும், நிலவு கூடாது, பனிமூட்டம் கூடாது. ரவி ஒரு வாரம் ஃபோனில் வரைபடத்தைத் தடவிக்கொண்டே இருந்து, பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து வடக்கே கொத்மலைப் பக்கம் நிலம் இறங்கிக்கொண்டே போகிறது. ஜனவரி முதல் வாரம், அமாவாசை முடிந்த கையோடு கிளம்பினோம்.

கண்டியிலிருந்து காலை ஒன்பது மணி பஸ். ஹட்டனில் இறங்கி, சோறு சாப்பிட்டு, தலவாக்கலைக்கு இன்னொரு பஸ். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ, 1,800 ரூபாய், பேரம் பேசிய பிறகு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நட்சத்திரம் பாக்கவா வந்தீங்க? நுவரெலியாவுல ரூம் போட்டுக் காசு குடுத்துப் பாக்குறாங்க. இங்க சும்மா கெடக்குதுங்க."

தங்கியது என்னோடு வேலை செய்யும் தோழியின் அக்கா வீட்டில். செல்வி அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை பார்க்கிறார். ஃபோனில் முன்பே சொல்லியிருந்தேன், "அக்கா, விடியக் காலம் உங்க தோட்டத்துக் கோயில் மேட்டுல நின்னு வானத்தைப் பாக்கணும்." "அதுக்கென்ன, எல்லாம் நான் பாத்துக்கிறேன்," என்றார். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்க டோர்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றியிருந்தேன். என் தோளில் ரவியின் கை. தேயிலைக்கு நடுவே கல்படி. இரண்டு தடவை தடுக்கினார். வழிநெடுக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அடடா, அவ்வளவு நட்சத்திரம்! யாரோ முறத்திலிருந்து அரிசியைக் கொட்டிவிட்டுப் பொறுக்காமல் போன மாதிரி.

கடைசி வளைவைத் திரும்பினோம். கோயில் மேடு கல்யாண வீடாக ஜொலித்தது. மூங்கிலில் கட்டிய இரண்டு டியூப்லைட், கலர் பல்பு மாலை, நடுவில் துண்டு விரித்த இரண்டு நாற்காலி. செல்வி அக்கா முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, வாங்க! விருந்தாளிங்க வந்து இருட்டுல நிக்கிறதா? அதான் கோயில்ல இருந்து வயரு இழுத்துட்டோம். தோட்டத் தலைவரே ஏணி வச்சுக் கட்டினாருங்க."

ரவி அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் கறுப்பு. அவருடைய கண் இருட்டுக்குப் பழகக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். வரும் வழியில் பழகியது எல்லாம் ஒரே நொடியில் போயிற்று. ஐந்தேகாலுக்குக் கிழக்கு வெளுத்துவிடும். மறுநாள் அவர் வேலைக்குப் போக வேண்டும், இன்னொரு விடியலுக்குத் தங்கவும் முடியாது. எனக்கு அழுகை வந்தது. அக்காவைத் தனியே கூப்பிட்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஐயோ, பாவி நான்!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

அதற்குள் கீழே மிருதங்கச் சத்தம். மார்கழி பஜனை. இந்தப் பக்கம் பஜனை ஒவ்வொரு லயமாக, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையாக, சுற்றி மேலே வரும். அது தாண்டும் வீடுகளில் வாசல் விளக்கைப் போடுவார்கள். இருட்டு மலையில் வெளிச்சம் வரிசை வரிசையாக எங்களை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அக்கா அந்தப் படிகளில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினார்.

பாட்டு நின்றது. பிறகு ஒரு லயம் அணைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசியில் எங்கள் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டும் பல்பு மாலையும். தலைவர் மூச்சு வாங்க மேலே வந்து, "பாட்டுக்கு வெளிச்சம் எதுக்குங்க? எல்லாம் மனப்பாடந்தானே," என்றார். அவருக்குப் பின்னால் இருபது பேர் இருட்டிலேயே பாடிக்கொண்டு வந்தார்கள். குளிரில் அவர்கள் மூச்சுகூடக் கேட்டது. ரவி தலையில் துண்டைப் போர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் அப்படி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. கம்பளித் தொப்பியும் காலுறையும் கட்டாயம். அட்டை கடிக்கும், சவர்க்காரக் கட்டியைக் காலில் தடவிக்கொள்ளுங்கள். மார்கழியில் போனால் முதல் நாளே கோயில் ஆட்களிடம் பேசிவிடுங்கள். முக்கியமாக, 'எங்களுக்கு இருட்டு வேண்டும்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இந்த மக்கள் விளக்குப் போட்டுத்தான் வரவேற்பார்கள்.

ஐந்து மணிக்குத் துண்டை எடுத்தார். தெற்கே திரும்பி நின்றார். பாட்டு ஒன்று முழுவதும் முடிந்தது. "இருக்குடி," என்றார். "நாலும் இருக்கு. கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சு நிக்குது."

பிறகு வடக்கு. ஏழு ரிஷிகள் உயரத்தில் நின்றார்கள். முன்னாலிருக்கும் இரண்டு பேரையும் கோடு பிடித்து நேரே கீழே இறங்கினால் கொத்மலை மலைக்கு மேலே ஒற்றையாகத் துருவம். எனக்கே தெரிந்தது! ரவி நேராகப் பார்த்தார், ஓரக்கண்ணால் பார்த்தார், கையைக் குவித்துப் பார்த்தார். கிழக்கு வெளுக்க ஆரம்பித்தது.

"தெரியல கலா."

தெரிகிறது என்று அவர் பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரைத் திருப்பித் தெற்கே நிற்க வைத்தேன். நான் வடக்கே பார்த்து நின்று, என் முதுகை அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டேன்.

"நீங்க சிலுவையைப் பாருங்க. நான் இதைச் சொல்றேன். மலை உச்சிக்கு மேல மூணு விரல். லேசா மஞ்சள். நடுங்குது."

"ரொம்ப நடுங்குதா?"

"நடுங்குது. ஆனா இடத்தை விட்டு அசையல."

அவர் சிரிப்பது என் முதுகில் தெரிந்தது. "ஒரே நேரத்துலன்னு கேட்டேனே, பைத்தியக்காரன். தனியா வந்தா ஒண்ணைப் பாக்க இன்னொண்ணுக்கு முதுகைக் காட்டணும். இதுக்கு ரெண்டு பேர் வேணும்டி."

விடியும்வரை அப்படியே நின்றோம். துருவம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியாக அது மறைந்தபோது நான் சொல்லவில்லை. இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.