சுடாத கை

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் என் மனைவி தீச்சட்டி எடுப்பாள். மகள் சுகமாகப் பிறப்பதற்காக வைத்த நேர்த்தி அது. முதல் வருஷங்களில் சட்டிக்கு அடியில் வேப்பிலையைக் கனமாக வைத்தும் கை மாற்றி மாற்றித்தான் பிடிப்பாள். பிறகு ஒரு வருஷம் ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை இடது கையிலேயே ஏந்தி வந்தாள். இலை கருகி உதிர்ந்துவிட்டது. அவள் முகம் சுளிக்கவில்லை.

சட்டியை இறக்கியபோது உள்ளங்கை கொப்பளித்திருந்தது. "சுடவே இல்லங்க" என்று என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னாள். அம்மன் இறங்கிவிட்டாள் என்று எங்கள் லயத்து வரிசைவீட்டுச் சனமெல்லாம் அவள் காலில் விழுந்து திருநீறு வாங்கியது. கோயிலில் விளக்கு வைப்பவன் நான், நானும் விழுந்தேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கேலி பேசுவார்கள். "ஒனக்கென்னண்ணே, ஒங்க வீட்டுல ஆத்தாவே அடுப்பு ஊதுறா!" எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து அவள் அதே இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே தேமல்போல வெளுத்திருந்தது.

"ஏங்க, கொழுந்து எடுக்கையில முள்ளு ஏறுனாக்கூட ரத்தத்தப் பாத்துத்தான் தெரியுது. சுண்டுவெரலு நிமிர மாட்டேங்குது. டாக்டரய்யாகிட்ட ஒருதரம் காட்டிட்டு வந்துர்றேன்."

"ஆத்தா வந்து ஒக்காந்த கைய ஊசி போடுறவங்ககிட்டயா காட்டுவ? வாய மூடு."

மூடிக்கொண்டாள். அடுத்த திருவிழாவுக்கும் அவளைச் சட்டி எடுக்க வைத்தேன்.

அதற்குப் பிறகுதான், பெருவியாதி என்கிற குஷ்டம் கண்டவர்களைத் தேடி அரசாங்க டாக்டர் ஒருவர் தோட்டம் தோட்டமாக வந்தார். பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, கைகாலில் பஞ்சால் தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். என் மனைவி சும்மா நின்றாள். பஞ்சு போய்க் குண்டூசி வந்தது.

"எப்பங்கய்யா தொடுவீங்க?" என்று கேட்டாள்.

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி என்றார்.

"ரெண்டு திருவிழாவாங்க."

தேமல் கண்டதுமே வந்திருந்தால் தோட்டத்திலேயே எண்ணெய் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம், இனிச் சட்டப்படி, இந்த நோய்க்காரர்களை ஒதுக்கிவைக்கும் கடற்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று தோட்டத்து டாக்டரய்யா எனக்கு எடுத்துச் சொன்னார். எப்போது திரும்புவாள் என்று கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயந்தரமே லயத்தில் பக்கத்து அறையான காம்பராக்காரி, என் மனைவி திருநீறு பூசிவிட்டிருந்த தன் பிள்ளைகளின் நெற்றியை மஞ்சள் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். "நல்ல ஆத்தாடி இது! எங்க புள்ளைங்க நெத்தியிலயும்ல வந்து ஒக்காந்துக்கிருச்சு" என்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னாள். நான் கோயிலுக்குப் போய், நீ இறங்கவில்லை என்று எனக்கு ஏன் சொல்லவில்லை என அம்மனிடம் சண்டை போட்டேன். சொல்ல வந்தவளின் வாயை மூடியவன் நானே என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது. இன்றைக்கும் அம்மனைக் கும்பிடுகிறேன். கும்பிடும்போது வாய் கசக்கிறது.

மூன்றாம் நாள் லொறி வந்தது. மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளைக் கிட்டே வரவிடாமல் எட்டவே நிறுத்திவிட்டு என் மனைவி ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் மகளிடம் சொன்னாள்:

"ஒடம்புக்கு என்னா வந்தாலும் அப்பாகிட்ட சொல்லாத தாயி. நேரா டாக்டரய்யாகிட்ட போயிரு."

மகள் தலையாட்டினாள். இன்றுவரை அப்படியே நடக்கிறாள்.