மாலையைக் கழற்றும் நாள்

தொழிற்சாலை மருத்துவ அறையில் நாடி பிடிக்கும் செவிலியனுக்கு நோயைக் காட்டிலும் பெரிய பகை, வாயுவைக் குறிக்கும் ‘கேஸ்’ என்னும் ஒற்றைச் சொல். ஒரகடத்தில் இப்பணி செய்யும் அன்பர்களே, நீங்களும் அச்சொல்லிடம் தோற்றவர்கள்தாம். ஆகவே உங்களிடம் ஆறுதல் தேடி இதைச் சொல்கிறேன்.

சோடா

சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் ஏழுமலை, நெஞ்சு படபடக்கிறது என்று வந்தார். மணிக்கட்டில் விரல் வைத்தேன். நாளும் பதிகம் ஓதும் எனக்குத் தாளம் தப்பினால் உடனே தெரியும். இங்கே தப்புவதற்குத் தாளமே இல்லை. ஈசிஜியும் அதையே காட்டியது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்; அங்கே சிறிது நேரத்தில் துடிப்பு தானே சீரானது. எனினும் இது மீண்டும் மீண்டும் வந்தால் இதயத்தில் இரத்தம் கட்டிப் பக்கவாதம் வரக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். மதுவும் பீடியும் கூடா. எடை குறைய வேண்டும். நடையும் உறக்கமும் வேண்டும் என்றார். வெளியே வந்ததும் ஏழுமலை என் தோளைத் தட்டினார்.

“கேஸு சார் இது. டாக்டரு பெரிசு பண்ணிகினுகீறாரு. ஒரு சோடா அட்ச்சா ஏப்பத்தோட பூடும்.”

சாமி

மருத்துவருக்குச் செவிசாய்க்காதவர், அடுத்த மாதமே வல்லக்கோட்டை முருகனுக்கு மாலை போட்டு விரதம் ஏற்றார். ஒரு மண்டலம் மது இல்லை, பீடி இல்லை. விடியலில் குளியல், கோயில்வரை வெறுங்கால் நடை, எளிய உணவு, நேரத்தோடு உறக்கம். வழக்கப்படி நானும் அவரைச் ‘சாமி’ என்றே அழைத்து, வாரந்தோறும் நாடி பார்த்தேன். ஓதுவார் கைத்தாளம்போல் ஒழுங்காக நடந்தது. மருத்துவர் கேட்டதையெல்லாம் முருகன் வாங்கிக் கொடுத்துவிட்டான் என்று மகிழ்ந்தேன்.

ஆனால் விரதம் முடியும் நாள் நெருங்க நெருங்க என் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. மாலையைக் கழற்றிய பின்? அவரோடு வேலை செய்யும் திருநெல்வேலி இசக்கியிடம் மெல்ல விசாரித்தேன்.

“அண்ணாச்சி மால கழத்துத அன்னைக்கே எங்க ரூம்ல பார்ட்டி வச்சிருக்காருல்லா. விட்டதெல்லாம் ஒரே நாள்ல புடிக்கணுமாம். நீங்களும் வாங்க சார்.”

சாவி

ஏழுமலையிடம் மன்றாடிப் பார்த்தேன்; ஒரு நாள்தானே என்று சிரித்தார். பார்ட்டிக்கு மறுநாள் வேலைக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நாடி, காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் சிதறியது. ஓட்டும்போது மயங்கினால், அந்த இரும்புச் சுமை எவர்மேல் இறங்கும்? வண்டிச் சாவியைக் கேட்டேன். வண்டியை ஒருமுறை பறித்தால் திரும்பத் தரமாட்டார்கள் என்ற அச்சத்தில், மூடிய கையை அவர் திறக்கவில்லை. நானும் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் சாவி என் உள்ளங்கைக்கு வந்தது, வியர்வையில் நனைந்திருந்தது.

ஆம்புலன்சில் என் விரல்கள் அவர் மணிக்கட்டை விட்டு அகலவில்லை. மனத்துக்குள் பதிகம் சொல்ல முயன்றேன். எனக்கே அடி பிசகியது.

“சார், இது கேஸுதான சார்?”

மண்டலம்

மருந்து ஏறியபின் துடிப்பு சீரானது. மாத்திரைகள் தொடர்கின்றன. மருத்துவர் ஒப்பும்வரை வண்டி கிடையாது. ஏழுமலை இப்போது கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார், வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை திருப்புகிறார். நேற்று நாடி பார்க்கக் கை நீட்டினார். கழுத்தில் மாலை இல்லை. பார்ட்டிக்குப் பின் மதுவும் இல்லையாம். தாளம் சரியாகவே இருந்தது. இருந்தும் நான் விரலை எடுக்கத் தயங்கியதைப் பார்த்துவிட்டார்.

“முருகனுக்குப் போட்டா ஒரு மண்டலம். உங்க டாக்டருக்கு மால போட்டுகினா எப்ப சார் கழட்டுறது?”

கழற்றும் நாளே இல்லாத மாலை ஒன்றைப் பிறர் கழுத்தில் போட்டுவிட்டு, அது இன்னும் இருக்கிறதா என்று அன்றாடம் அவர்கள் மணிக்கட்டில் தேடுவதுதான் நம் தொழில்.