மஞ்சள் பூசிய சைக்கிள்

எனக்கு அறுபது நடக்கிறது. பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுப்போனது ஒன்று, ஆக நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, எழுத்துக் கூட்டத்தான் வரும்; நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆனால் சைக்கிள் விடுவதில் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எனக்கு இணை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதியமான்கோட்டைக்குப் பக்கத்து ஊர். எழுபத்தாறு வாக்கில் இருக்கும், எனக்குப் பத்துப் பதினோரு வயது. மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீர் வரவேண்டும். குடம் தரையில் படக்கூடாது, விளக்கு வைக்கும் முன் கோயில் சேர வேண்டும். என் சித்தப்பாதான் வழி சொன்னார். ஊர்ச் சைக்கிள் அத்தனையும் பென்னாகரம் ரோட்டில் வழிநெடுக நிற்கட்டும், குடம் கேரியருக்குக் கேரியர் மாறி வரட்டும். எதிர்வீட்டு அண்ணன்மார் மூவருக்கும் ஒகேனக்கல் மலைப்பாதையையே ஒதுக்கினார். பெரிய மரியாதை என்று அவர்கள் விடியும் முன்பே மீசையை முறுக்கிக்கொண்டு போனார்கள்.

சேலம் ரோட்டு முக்கிலிருந்து கோயில் வரை எங்கள் வீட்டு முறை. சித்தப்பா தன் சைக்கிளுக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, மதியமே என்னை முக்கில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாப்பா, டீ குடிச்சுட்டு வந்துடறேன். லேட்டானா நீயே மிதிச்சுட்டுப் போயிரு. சாமி சைக்கிள், யாரு கேட்டாலும் குடுத்துடாத."

சேலம் பஸ்ஸில் ஏறிப் போனார். சேலத்தில் டீ நன்றாக இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பெல்லை அடித்தேன். பெடலைப் பின்னால் சுற்றினேன். வடக்கே தூசி கிளம்பினால் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தயாராவேன், பார்த்தால் லாரி. அப்போது எதிர்வீட்டுப் பெரியப்பா மேல்துண்டு நழுவுவது தெரியாமல் ஓடிவந்தார்.

"உங்க சித்தப்பன் எங்கடி?"

"டீ குடிக்கப் போயிருக்காருங்க."

"அந்தச் சைக்கிளக் குடு. தெருத்தெருவா தேடிட்டேன், ஊருல ஒரு சைக்கிள் இல்ல!"

"சாமி சைக்கிளுங்க. தரமாட்டேன்."

பிடுங்க வந்த கை, மஞ்சளைக் கண்டதும் அந்தரத்தில் நின்றது. "நாசமாப் போக" என்றார். என்னையா, சித்தப்பாவையா, தெரியவில்லை. சேலம் பக்கம் கால்நடையாகவே ஓடினார்.

பொழுது இறங்கும்போது குடம் வந்தது. சித்தப்பா வரவில்லை. என் கேரியரில் வைத்து டியூப் கயிற்றால் இறுக்கினார்கள். சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது. பாருக்குள் காலை விட்டு மிதித்தேன். கோயில் திருப்பத்து மணலில் சக்கரம் வழுக்கி, குடம் ஒரு பக்கம் சாய்ந்தது. இடுப்பை முட்டுக்கொடுத்து, கடைசிவரை உருட்டியே கொண்டுசேர்த்தேன். சொட்டுத் தண்ணீர் தரையில் விழவில்லை.

பெண்கள் போட்ட குலவை எனக்கென்றே நினைத்தேன். எதிர்வீட்டில் கேட்ட கூச்சலை, யாருக்கோ அருள் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வீட்டு அக்காவை மதியத்திலிருந்து காணோம் என்று பேசிக்கொண்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் எங்காவது இருப்பாள் என்று நானே எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். பெண்பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று வீடே திட்டியும், ஒரு மாசமாகச் சித்தப்பா எனக்கு விடாமல் பழக்கியது ஏன் என்று நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

அந்த அக்கா, அதாவது என் சித்தி, உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். எங்கே கண்ணு, எழுதினதை முதலிலிருந்து ஒரு தரம் படி. ஊரில் ஒரு சைக்கிள் இல்லை என்று வருகிற இடத்தை மட்டும் சத்தமாகப் படி. சின்ன ஆயாவுக்குக் காது மந்தம்.