ஆன்ட்டி பார்த்த பாலே

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு எழுபத்தெட்டு வயது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு நெருங்கிய தோழி. போன டிசம்பரில் அவரை முதன்முறையாக பாலே நடனம் பார்க்க அழைத்துப் போனேன்.

நாயகி கால்விரல் நுனியில் நின்று சுழன்றபோது அரங்கமே மெய்ம்மறந்து பார்த்தது. ஆன்ட்டி என் கையைப் பிடித்து, "ஐயோ, அந்தப் பொண்ணு கால் என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெண் ரசிகர்களைப் பார்க்க வெளியே வந்தாள். எல்லோரும் கையெழுத்து வாங்கினார்கள். ஆன்ட்டியோ, கால் வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தினமும் வலிக்கும் என்று சொல்லிவிட்டு, அவள் தானாகவே ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டாள்.

காரில் திரும்பும்போது ஆன்ட்டி சொன்னார்: "அவ்ளோ வலியிலயும் சிரிச்ச முகமா ஆடினா பாரு. அடுத்த ஷோவுக்கும் டிக்கெட் புக் பண்ணிடும்மா."