ராஜபாளையத்து ராக் அண்ட் ரோல்காரர்

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒருவர் ராக் அண்ட் ரோல் குழு நடத்தினார். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். வேர்வையைத் துடைக்கமாட்டார்; கிடாரைத்தான் துடைப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண வரவேற்பொன்றில் டிரம்ஸோடு எனக்கு முதல் மேடை. தேறாவிட்டால் குழுவில் இடமில்லை. பயத்தில் பாட்டின் பாதியில் தாளம் தப்பி, நாய் துரத்தியவன் மாதிரி வேகமாக வாசித்துத் தள்ளினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மொத்தக் குழுவையும் என் வேகத்துக்கே இழுத்துவந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன்கூட எழுந்து ஆடினார்.

பாட்டு முடிந்ததும், "தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

"தனியாப் பண்ணுனாத்தாம்லே தப்பு. அம்புட்டுப் பேரும் சேந்து பண்ணியாச்சு. இனி அதுதான் பாட்டு."

கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டது. இந்த முறை ஜாக்கிரதையாக, ஒத்திகையில் பழகிய வேகத்திலேயே, ஒரு அடி பிசகாமல் வாசித்தேன்.

அவர் என்னை முறைத்தது அப்போதுதான்.